படத்தைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்களா? கேள்வி பதில்

கேள்வி: வன்முறைப் படங்கள்தானே கொலை, கொள்ளைக்குக் காரணம்?

அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் அலைமோதிய நாட்களை டால், டெல்லாவிக்னா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். அந்த மாலையும் இரவும் வன்முறைக் குற்றங்கள் குறைந்திருந்தன. வம்புக்குப் போகக்கூடியவர்கள் குடிக்காமல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள். நீண்ட கால விளைவு வேறு கேள்வி. ஆனால் ஒரே ஒரு கொலைச் செய்தியை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் சிகரெட் காட்சிக்கு மட்டும் ஏன் எச்சரிக்கை?

சிகரெட் விஷயத்தில் ஆதாரம் வலுவானது. படத்தில் புகைப்பதைப் பார்ப்பது இளையவர்களைப் புகைக்கத் தொடங்க வைக்கிறது என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் 2012 அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. கொலை செய்யப் பல தடைகளைத் தாண்ட வேண்டும். சிகரெட்டுக்குத் தெருமுனைப் பெட்டிக்கடையும் ஒரு நண்பனும் போதும். நம் நாட்டில் அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2005இல், திரையில் புகைக்கத் தடை வந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் அதை ரத்து செய்தது. அப்புறம் 2012 அக்டோபரில் வந்ததுதான் இப்போது பார்க்கும் எச்சரிக்கை வாசகம். நாயகன் ஸ்டைலாகப் பற்றவைக்கும்போது அந்த வாசகத்தை யார் படிக்கிறார்கள்?

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவன் படம் பார்த்துவிட்டுத்தான் வெட்டினானாம்.

ஒரு கொலைச் செய்தியை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: பெண்ணை விடாமல் துரத்திக் காதலிக்க வைக்கும் படங்கள்?

கொலைக் காட்சிகளைவிட இவைதான் எனக்குப் பயம். படத்தில் கொலைகாரனுக்குச் சிறை கிடைக்கிறது. துரத்துபவனுக்கு டூயட் கிடைக்கிறது. பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1965இல் குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டினார். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிக்கிறார். அவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதேபோல் செய்தார்கள். பிறகு, செய்து காட்டினால் பரிசு என்றதும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்தார்கள். கற்றுக்கொள்வது எல்லாரும்தான்; பலன் உண்டு என்று தெரிந்தால் செய்கிறார்கள். "வேண்டாம்" என்று ஒரு பெண் சொன்ன பிறகும் விடாதவனுக்கு நம் படங்கள் காட்டும் பலன் என்ன என்று பாருங்கள்.

கேள்வி: பிறகென்ன, தடை செய்துவிடலாமே!

வேண்டாம். அமெரிக்காவில் 1954இல் வெர்தம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ்தான் சிறுவர்களைக் கெடுக்கிறது என்றார். செனட் விசாரணை நடந்தது, பதிப்பாளர்கள் தங்களுக்கே தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். பின்னாளில் வெர்தமின் குறிப்புகளைப் படித்த கேரல் டில்லி என்ற ஆய்வாளர், சிறுவர்கள் சொன்னதை அவர் திரித்திருந்ததைக் கண்டுபிடித்தார்.

கேள்வி: சினிமாக்காரர்களைக் காப்பாற்றுகிறீர்கள்.

இல்லை. துரத்தல் காட்சிக்காக அவர்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், விமர்சியுங்கள், டிக்கெட் வாங்காதீர்கள். தடைச் சட்டம் கையில் வந்தால், அந்தக் கொடுமையை அம்பலப்படுத்தும் படத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

கேள்வி: பேய்ப்படம் பார்த்ததிலிருந்து மகள் தூங்குவதில்லை.

குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மகன் துப்பாக்கி கேம் விளையாடுகிறான். கொலைகாரனாகிவிடுவானா?

இதே கேள்வி நிறைய வந்துவிட்டது. பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்த ஆக்ஸ்போர்டு ஆய்வில் (2019) வன்முறை கேமுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று பாருங்கள்.