ஆகாயகங்கையில் குளிக்கப் போகிறீர்களா? முதலில் ஓடையைப் பாருங்கள்

கேள்வி: நவம்பரில் குடும்பத்தோடு கொல்லிமலை போகிறோம். ஆகாயகங்கை அருவியில் குளிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அம்மாவுக்கு 62 வயது, மூட்டு வலி உண்டு. 12 வயது மகன் நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவான். அவனை அருவிக்குக் கீழே நீந்த விடலாமா?

பதில்: முதலில் அம்மா. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் தொடங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். படிக்கு அரை அடி என்று வைத்தாலே 500 அடி ஆகிறது. ஐம்பது மாடி இறங்கி, குளித்த களைப்போடு அத்தனையும் திரும்ப ஏறுகிற கணக்கு. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் மூட்டைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். நடுவழியில் முடியாமல் போனால் வண்டி வர வழியில்லை. அம்மா கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு ஓடை மீன்களுக்குப் பொரி போடட்டும். அவருக்கும் குளிக்க ஆசை என்றால் மாசிலா அருவிக்குக் கூட்டிப் போங்கள், அங்கே நடை குறைவு.

மகனுக்கு வருவோம். குளிக்கலாம், நீந்த வேண்டாம். அருவி விழும் இடத்தில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக் கிடக்கும். அதில் பாதி காற்று. நீச்சல் குளத்துத் தண்ணீர் போல அது உடம்பைத் தாங்காது. கையைக் காலை அடித்தாலும் பிடிமானம் இருக்காது. விழும் நீர் ஆளைக் கீழே அமுக்கவும் செய்யும். அடியில் பாறை எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. அதனால் குளத்தில் கெட்டிக்காரனாக இருக்கும் பையனைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் பயம். ஓரமாக, இடுப்பளவு தண்ணீரில், நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது ஆடட்டும். நேர் கீழே போய்த் தலையைக் கொடுக்க வேண்டாம், தண்ணீரோடு கல்லும் வரும்.

நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். வெள்ளம் வந்தால் வனத்துறை அருவியை மூடிவிடும், அதனால் கிளம்பும் அன்று காலையில் விசாரித்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தாலும் படியில் கால் வைக்கும் முன் கோயில் பக்கத்து ஓடையை ஒரு நிமிடம் பாருங்கள். அந்த ஓடைதான் அய்யாறு, அதன் தண்ணீர்தான் கீழே அருவியாக விழுகிறது. கலங்கலாக இருந்தால் இறங்காதீர்கள். கீழே பள்ளத்துக்குள் நிற்பவருக்கு மலைமேல் கொட்டும் மழை தெரியாது. தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் திடீரென்று கூடுவது, இதில் எது நடந்தாலும் துண்டைக்கூடத் தேடாமல் கரையேறிப் படிக்கு வந்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். ஈரப் படியில் ரப்பர் செருப்பு வழுக்கும், பின்வார் வைத்த செருப்பு நல்லது. மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால் காலையில் இட்லி இரண்டோடு நிறுத்துங்கள். சாப்பாட்டுப் பையைக் குரங்கு பார்க்கும்படி தூக்கிப் போகாதீர்கள். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கி, மதியத்துக்குள் மேலே வந்துவிடுங்கள்.

வந்ததும் சூடாக முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்கலாம். மூட்டு வலி பறந்துவிடும் என்று விற்பவர் சொல்வார். குடியுங்கள், நன்றாகத்தான் இருக்கும். அம்மாவின் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.