ஹுவே நகரின் காய் தின் கல்லறை: கேள்வி பதில்

வியட்நாம் போகிறோம், ஹுவேயில் ஒரு நாள்தான். நுயென் வம்ச அரசர்களின் கல்லறைகளில் எதைப் பார்ப்பது?

ஒன்றே ஒன்று என்றால் காய் தின் கல்லறை. மின் மாங், து துக் கல்லறைகள் குளமும் மரங்களுமாகப் பரந்து கிடப்பவை, அமைதியாக உலவ நல்லவை. காய் தின் கல்லறை பரப்பில் சிறியது, மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறிச் செல்வது. ஆனால் வேலைப்பாட்டில் இதற்கு ஈடு அங்கே வேறில்லை. 1920-இல் தொடங்கினார்கள். 1925-இல் அரசர் காய் தின் இறந்துவிட, மகன் பாவோ தாய் காலத்தில் 1931-இல்தான் முடிந்தது.

படங்களில் கறுத்துப்போய், பாசி படிந்த மாதிரி தெரிகிறதே?

வெளியே அப்படித்தான். மரத்தையும் ஓட்டையும் மட்டும் நம்பாமல் இரும்பு, சிமெண்ட் எல்லாம் வரவழைத்துக் கட்டியது. ஹுவே மழையில் சிமெண்ட் கறுத்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உச்சியில் இருக்கும் தியென் தின் மண்டபத்துக்குள் போனால் சுவர் முழுக்க உடைந்த பீங்கானும் வண்ணக் கண்ணாடியும் பதித்த சித்திர வேலை. பீங்கானில் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்ததும் உண்டு.

சுவருக்கு அருகே போய் ஒரே ஒரு பூவைப் பாருங்கள். கிண்ணத்தின் வளைந்த பகுதியை இதழின் வளைவுக்கு ஏற்ற மாதிரி தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். அதனால் இதழ் சுவரிலிருந்து புடைத்து நிற்கும். பூ, பழம், பறவைகளுக்கு நடுவே அலாரக் கடிகாரம், மண்ணெண்ணெய் விளக்கு, டென்னிஸ் மட்டை கூட இருக்கின்றன. பிரெஞ்சு ஆட்சிக்குக் கீழிருந்த ஓர் அரசவையில் என்னென்ன புழங்கின என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி. அப்புறம் தலையை நிமிர்த்துங்கள்: மேகத்துக்குள் ஒன்பது டிராகன்கள். வரைந்தவர் ஃபான் வான் தான் என்ற ஓவியர். பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வெளியேறுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அரசர் உடல் அங்கேயே இருக்கிறதா?

ஆமாம். சிம்மாசனத்தில் அமர்ந்த பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலைக்கு அடியில்தான். சிலைக்கு மேலே விதானம் துணியில் நெய்தது போல மடிப்பு மடிப்பாகத் தொங்கும், ஆனால் அது கான்கிரீட், ஒரு டன்னுக்கு மேல். து துக் விஷயம் வேறு: அவரை எங்கே புதைத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

இதற்காக மக்கள் மேல் வரி போட்டாராமே? அதை ரசிப்பது சரியா?

போட்டார். இந்தக் கட்டடத்துக்காக நிலவரியை 30 சதவீதம் கூட்ட பிரெஞ்சு அரசிடம் அனுமதி வாங்கினார். மக்கள் அவரை வெறுத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவரில் இருப்பது அரசரின் கை அல்ல, கைவினைஞர்களின் கை. வரி கட்டிய விவசாயியை மறக்காமல், அவர்கள் வேலையையும் மதித்துப் பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏற முடியுமா?

மொத்தம் 127 படிகள், ஆனால் ஒரே மூச்சில் அல்ல. வாசல் படிகளில் கைப்பிடியாக டிராகன்கள் நெளிந்து இறங்கும். அதைத் தாண்டி, கல்லில் செதுக்கிய அதிகாரிகளும் யானையும் குதிரையும் வரிசையாக நிற்கும் முற்றம். அங்கே நின்று இளைப்பாறலாம். முடிந்தால் மெதுவாக உச்சிக்குக் கூட்டிப்போங்கள். படிகள் செங்குத்து, மழையில் வழுக்கும்.

எந்த மாதம், எப்படிப் போவது?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழை, சில வருடம் வெள்ளமும் வரும். கல்லறை ஊரிலிருந்து தெற்கே 10 கிலோமீட்டர் அளவில்தான். ஆற்றுப்படகை நம்ப வேண்டாம், காரோ பைக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்ததும் போய்விட்டால் சுற்றுலா பஸ்கள் வருவதற்குள் மண்டபத்தை நிதானமாகப் பார்க்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள்.