வாணியம்பாடி வரைக்கும் கரண்ட், அப்புறம் பெட்ரோல்

தம்பி, மிச்சிகனில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம், ஃபார்மிங்டன் ஹில்ஸில் அபார்ட்மெண்ட், ஆபீஸ் 14 மைல் என்று எழுதியிருக்கிறாய். "முதல் 40 மைலுக்குப் பெட்ரோலே வேண்டாம்னு சொல்றாங்க, ப்ளக்-இன் ஹைப்ரிட் வாங்கலாமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். வீட்டில் பிளக் போட்டு சார்ஜ் ஏற்றுகிற, கூடவே பெட்ரோல் என்ஜினும் உள்ள வண்டியைத்தானே சொல்கிறாய்? காட்பாடிப் பையன் வேறு. நான் இப்போது மிச்சிகனிலிருந்து லீவில் வந்து வேலூர் சத்துவாச்சாரி வீட்டில்தான் இருக்கிறேன். இந்த மே மாத வெயிலில் வாசலைத் தாண்ட முடியாது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

என்னிடம் அந்த மாதிரி வண்டி மூன்று வருஷமாக இருக்கிறது. 2023 மாடல், 13.6 கிலோவாட்-அவர் பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 44 மைல் என்று ஸ்டிக்கரில் போட்டிருந்தது. 70 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். வேலூரில் கிளம்பினால் வாணியம்பாடி வரைக்கும் கரண்டிலேயே போய்விடலாம். அதற்கு மேல் என்ஜின் எடுத்துக்கொள்ளும், சாதா ஹைப்ரிட் (பிளக் இல்லாமல், ஓடும்போதே தன் சின்ன பேட்டரியைத் தானே நிரப்பிக்கொள்ளும் பெட்ரோல் வண்டி) மாதிரி ஓடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அந்த 44 எனக்கு நிஜமாகவே கிடைத்தது. ஜனவரியில் கதை வேறு. குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும், ஹீட்டரும் அதிலிருந்தே உறிஞ்சும். 28, 30 மைல் வந்தால் அதிகம். அதாவது ஆம்பூரோடு சரி. ஆம்பூரில் நின்றாலாவது பிரியாணி கிடைக்கும், இங்கே மிச்சிகன் ஐ-96 ஹைவே ஓரத்தில் பனிதான் கிடைக்கும்.

இந்த வண்டி எங்கள் வீட்டு மாடித் தொட்டி மாதிரி. கார்ப்பரேஷன் தண்ணீர் விடும்போது பிடித்து வைத்தால் மறுநாள் போர் மோட்டாரைத் தொட வேண்டாம். தூங்கிவிட்டால் நாள் முழுக்க மோட்டார்தான். நிறையப் பேர் தூங்கித்தான் விடுகிறார்கள். 2021இல் பதிவான வண்டிகள் உண்மையில் எவ்வளவு எரிபொருள் குடித்தன என்று ஐரோப்பிய ஆணையம் 2024இல் கணக்கு வெளியிட்டது. ப்ளக்-இன் ஹைப்ரிட்கள் விட்ட கரியமில வாயு, சோதனைக்கூடக் கணக்கைவிட சுமார் 3.5 மடங்கு. நினைத்த அளவுக்கு யாரும் சார்ஜ் போடவில்லை என்பதுதான் முக்கியக் காரணம்.

அதனால் வண்டியைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால், ராத்திரி அது நிற்கிற இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பார். இருந்தால் போதும், பெரிய செலவு ஒன்றும் கிடையாது. அமெரிக்காவின் சாதாரண 120 வோல்ட் பாயிண்டிலேயே 11 மணி நேரத்தில் நிறைந்துவிடும், 240 வோல்ட் என்றால் நாலு மணி நேரம். இல்லையென்றால்? முதல் எட்டு மாதம் நானும் அபார்ட்மெண்டில்தான் இருந்தேன். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இறக்கிக்கொள்ளலாமா என்று மேனேஜர் அம்மாவிடம் கேட்டேன். அந்தம்மா பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கடைசியில் மளிகைக் கடை வாசலில் சார்ஜ் போட்டுவிட்டு, வேண்டாத சாமானெல்லாம் வாங்கிக்கொண்டு உள்ளேயே இரண்டு மணி நேரம் சுற்றினேன். பாதி கூட ஏறவில்லை. ஹைவேயில் டெஸ்லாக்காரர்கள் இருபது நிமிஷத்தில் போட்டுக்கொண்டு போகிறார்களே, அந்த வேக சார்ஜ் பெரும்பாலான ப்ளக்-இன் ஹைப்ரிட்களில் கிடையாது.

காசு விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் ஷோரூமில் சொல்ல மாட்டார்கள். என் பில்லில் யூனிட் (ஒரு கிலோவாட்-அவர்) 18 சென்ட். வீணாகிறதையும் சேர்த்தால் பேட்டரி நிறைய 15.5 யூனிட், சுமார் 2.80 டாலர். அதே 44 மைலை காலனுக்கு 50 மைல் தருகிற சாதா ஹைப்ரிட்டில் ஓட்டினால், காலன் 3.20 என்று வைத்தால், அதுவும் 2.80 தான்! காலனுக்கு 30 மைல் தருகிற பெட்ரோல் வண்டியோடு ஒப்பிட்டால்தான் இரண்டு டாலர் மிச்சம். ராத்திரி ரேட் வாங்கினால் எனக்கு யூனிட் 13 சென்ட்டுக்கு வருகிறது, அப்போது ஒரு சார்ஜுக்கு 80 சென்ட் லாபம். நான் வாங்கும்போது சாதா ஹைப்ரிட்டுக்கும் இதற்கும் விலையில் 5,000 டாலர் வித்தியாசம். எத்தனை ராத்திரி சார்ஜ் போட்டால் அது வரும் என்று நீயே வகுத்துப் பார். மிச்சிகனில் ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் இந்த வண்டிக்குக் கொஞ்சம் கூடவே வாங்குவார்கள். 7,500 டாலர் வரை வரிச் சலுகை என்று பழைய வீடியோ ஏதாவது பார்த்திருந்தால் மறந்துவிடு. 2025 செப்டம்பர் 30க்குப் பிறகு வாங்கும் வண்டிக்கு அது கிடையாது.

அப்புறம் நான் ஏன் விற்கவில்லை என்று கேட்பாய். பழகிவிட்டேன், அதுதான் உண்மை. காலையில் பாப்பாவை ஸ்கூலில் விட்டுவிட்டு ஆபீஸ் போய் வீடு திரும்பும் வரை என்ஜின் சத்தமே கேட்காது. பனிக்காலத்தில் காரேஜில் பிளக்கில் இருக்கும்போதே உள்ளே சூடேற்றிவிட்டு ஏறி உட்காரலாம். ஆறு வாரத்துக்கு ஒரு தடவைதான் பங்க் பக்கம் போகிறேன். (அங்கே பெட்ரோலை 'கேஸ்' என்பார்கள் இல்லையா, முதல் வருஷம் அம்மாவிடம் போனில் "கேஸ் போட்டுட்டு வரேன்" என்றேன். "இன்னாடா இது, கார்ல சிலிண்டர் வச்சிக்கினா போற?" என்று பதறிவிட்டார்.) சர்வீஸில் மட்டும் சலுகை எதுவும் இல்லை. என்ஜின் இருக்கிற வரைக்கும் ஆயில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

நீ இப்போது ப்ளக்-இன் வாங்காதே. கிரெடிட் ஸ்கோர் இன்னும் உருவாகாத நிலையில் லோன் வட்டி கன்னாபின்னாவென்று இருக்கும், புது லைசென்ஸுக்கு இன்சூரன்ஸும் அப்படித்தான். நாலைந்து வருஷம் ஓடிய சாதா ஹைப்ரிட் ஒன்றைப் பார், மிச்சமாகிற காசில் நவம்பருக்குள் பனி டயர் போட்டுவிடு. காரேஜ் உள்ள வீட்டுக்குப் போகும்போது ப்ளக்-இன்னைப் பற்றிப் பேசலாம், என் வண்டியையே ஒரு வாரம் ஓட்டிப் பார்.

நான் ஜூன் முதல் வாரம் கிளம்புகிறேன். பெட்டியில் மூன்று கிலோவுக்கு இடம் இருக்கிறது. வீட்டில் ஏதாவது கொடுத்தனுப்புவதாக இருந்தால் சத்துவாச்சாரிக்கு வரச் சொல். ஊறுகாய் என்றால் மட்டும் இரண்டு கவர் போட்டுத் தரச் சொல், போன தடவை என் சட்டையெல்லாம் நல்லெண்ணெய்.