இரவல் தோள்

அன்புள்ள ஐயா,

என் கணவர் பக்கவாதம் வந்து படுத்து இரண்டு வருடம் ஆகிறது. வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் போய்விட்டது. படுக்கைப்புண் வந்துவிடக் கூடாது என்று இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து, அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன். முதல் வருடம் ஜெபம்தான் என்னைத் தாங்கியது. இப்போது வேதாகமத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிகிறது. ‘கர்த்தர் இரக்கமுள்ளவர்’ என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறது. கோபப்பட்டுவிட்டோமே என்று அப்புறம் பயம் வருகிறது. என் விசுவாசம் குறைந்துபோனதால்தான் அவர் குணமாகவில்லை என்று சபையில் ஒருவர் சொன்னார். தான் நேசிக்கிறவர்களைத்தான் கடவுள் சோதிப்பார் என்று இன்னொருவர் சொன்னார். என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் புலம்புவதே தப்பு என்றும் தோன்றுகிறது. சில வாரம் வந்து இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று என் தங்கை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இது எனக்குக் கொடுக்கப்பட்ட சிலுவை, நான்தான் சுமக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆறுதலை உணர முடியாமல் போனது என் பாவமா? நல்லவர்களுக்கு ஏன் இவ்வளவு துன்பம்? இந்த மாதிரி நேரத்தில் படிக்க எந்தப் பகுதியைச் சொல்வீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த சமயத்தில் நான் வேதாகமத்தில் யோபுவின் கதையைத்தான் மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்தப் பதில் அந்தப் பக்கமாகவே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இரண்டு வருடமாக ஒரு இரவுகூட முழுதாகத் தூங்காத ஒருவருக்கு எழுத்து வெறும் எழுத்தாகத் தெரிவதில் என்ன அதிசயம்? உங்கள் உடம்பு களைத்துப்போயிருக்கிறது. அந்தக் களைப்பை ஆத்துமாவின் கணக்கில் எழுதிக்கொண்டு பயப்படுகிறீர்கள். நல்லவர்களுக்கு ஏன் துன்பம் என்ற கேள்வியை இங்கே விட்டுவிடுகிறேன். அதற்குப் பதில் வைத்திருப்பவர்கள் ஏற்கனவே உங்கள் வீட்டுக்கு வந்துபோயிருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்துவிட்டுப் போனார்கள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்களே என்கிறீர்கள். இருக்கட்டும். அதனால் உங்கள் இடுப்பு வலி குறைந்துவிட்டதா என்ன?

சரி, யோபுவுக்கு வருகிறேன். ஒரே நாளில் மந்தைகள் போயின, வேலைக்காரர்கள் போனார்கள், ஏழு மகன்களும் மூன்று மகள்களும் செத்துப்போனார்கள். அப்புறம் உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொப்புளம். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத்துண்டால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் பார்க்க வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது அவர்களுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. சத்தம்போட்டு அழுகிறார்கள். அப்புறம் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டுப்போனார்கள். எலிப்பாஸ் தொடக்கத்தில் இதமாகத்தான் பேசுகிறார்; குற்றமில்லாதவன் எவனாவது அழிந்ததுண்டா என்று கேட்பதற்கு அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலன் அது என்கிற அர்த்தத்தில் பில்தாத் பேசுகிறார். பத்துப் பிள்ளைகளைப் புதைத்தவர் முகத்தைப் பார்த்து! உன் அக்கிரமத்துக்குக் கிடைக்கவேண்டிய தண்டனையை விடக் கடவுள் குறைவாகத்தான் கொடுத்திருக்கிறார் என்பது சோப்பாரின் பங்கு. மூன்று பேருமே கடவுளுக்காக வாதாடுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். யோபுவோ கடவுளோடு சண்டை போடுகிறார். பிறந்த நாளைச் சபிக்கிறார். என்னை ஏன் குறிவைத்தீர் என்று கேட்கிறார். எச்சில் விழுங்கக்கூட அவகாசம் தரமாட்டீரா என்கிறார். ஏறக்குறைய முப்பது அதிகாரத்துக்கு இது நடக்கிறது. கடைசியில் கடவுள் எலிப்பாஸைப் பார்த்து, என் தாசன் யோபு பேசியதைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். தனக்காக வாதாடியவர்கள் மேல்தான் அவருக்குக் கோபம். கத்தியவனைத் ‘தாசன்’ என்று அழைக்கிறார். அப்புறமும்கூட, ஏன் இதெல்லாம் நடந்தது என்று யோபுவுக்கு அவர் சொல்வதே இல்லை. பேச வந்தார், அவ்வளவுதான். யோபு அதிலேயே அமைதியாகிவிடுகிறார்.

உங்கள் சபைக்காரர்கள் இருவரும் இந்தப் புத்தகத்தை முதல் இரண்டு அதிகாரத்தோடு மூடி வைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. விசுவாசம் குறைந்ததால் குணமாகவில்லை என்று உங்களிடம் சொன்னவர் ஒரு இரவு வந்து அந்த அலாரத்துக்கு எழுந்து பார்க்கட்டும். அதற்கப்புறம் விசுவாசத்தைப் பற்றிப் பேசட்டும்.

இவ்வளவு கோபம் எனக்கு எங்கிருந்து வருகிறது என்றால், எங்கள் வீட்டிலும் இது நடந்தது. என் தம்பி சிறுவயதில் காய்ச்சலில் இறந்துபோனான். அப்போது நானும் சின்னப்பையன்தான். அம்மா வாரக்கணக்கில் பேசாமல் இருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். மதிப்பான பெரியவர் ஒருவர், ஆண்டவர் தனக்குப் பிடித்த பூவை முதலில் பறித்துக்கொள்வார் என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் போன பிறகும் திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் என் அத்தை வந்தாள். அவளுக்குப் பேச்சே வராது, கூச்ச சுபாவம். நேராக அம்மாவின் பின்னால் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் தலைமுடி எத்தனையோ நாள் வாராமல் கயிறுபோல் திரித்துக்கொண்டு கிடந்தது. அத்தை சீப்பை எடுக்கவில்லை. நுனியிலிருந்து ஆரம்பித்து விரலாலேயே சிக்கெடுத்தாள். ஒரு முடிச்சு பிரியாதபோது இழுக்காமல், அதற்கு மேலே இருந்த முடியை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலி தலைக்கு ஏறாதபடி, மெதுவாகப் பிரித்தாள். பாதி தலை முடிவதற்குள் அம்மா அழத் தொடங்கினாள். தம்பி போனதிலிருந்து அம்மாவின் அழுகைச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். அத்தை நிறுத்தவுமில்லை, அழாதே என்று சொல்லவுமில்லை, மீதித் தலையையும் முடித்தாள்.

கடவுளின் இரக்கம் என்ற பேச்சு வரும்போது எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வரும். பெத்தானியாவில் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு அழுததும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும், சீஷர்களிடம் முன்பே சொல்லியிருக்கிறார். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று மார்த்தாளும் மரியாளும் அடுத்தடுத்து அதே குற்றச்சாட்டை அவர்மேல் வைக்கிறார்கள். மரியாள் அழுவதைப் பார்த்து அவரும் கண்ணீர் விடுகிறார். நல்ல முடிவு கையில் இருக்கும்போதே, இந்த நிமிஷத்து அழுகையில் பங்கெடுத்துக்கொண்டார்.

கோபம் வந்தால் பயமாக இருக்கிறது என்கிறீர்களே, அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் சூலை நோயில் துடித்துக்கொண்டு திருவதிகைக்கு வந்து பாடிய முதல் பாட்டே ஒரு முறையீடுதான். எமனைப் போல் வந்த இந்த நோயை நீர் விலக்கவில்லையே என்று தொடங்குகிறது. ‘தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன் அடியேன்’ என்று வயிற்றுக்குள் நடப்பதை அப்படியே சொல்லி அழுகிறார். குடல் முறுக்கிக்கொள்வதை மறைக்காமல் சொன்ன அந்தப் பாட்டைத்தான் நாலாம் திருமுறையின் தொடக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கண் போன சுந்தரரோ திருவாரூரில் நின்று, அடியார்கள் இப்படித் தவிக்கும்போது நீர் நன்றாக வாழ்ந்து போம் என்கிற தொனியில் ‘வாழ்ந்துபோதீரே’ என்று ஏசுகிறார். அதுவும் திருமுறையில்தான் இருக்கிறது. எந்த வழியில் வந்த பக்தராக இருந்தாலும், வலியில் கிடந்தவர்கள் நாகரிகமாகப் பேசவில்லை. நீங்கள் மட்டும் ஏன் பேசவேண்டும்?

இனி உங்களைத் திட்ட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். தங்கையை ஏன் வர வேண்டாம் என்றீர்கள்?

என் சிலுவை, நான்தான் சுமக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என் பின்னே வரட்டும் என்று சொன்னவரின் சிலுவையை வேறொருவர் சுமந்தார் என்பதை மறந்துவிட்டீர்களா? மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே எழுதியிருக்கிறார்கள். சிரேனே ஊரைச் சேர்ந்த சீமோன். இன்றைய லிபியாவில் இருக்கிறது அந்த ஊர். நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் படைவீரர்கள் பிடித்துச் சுமக்க வைக்கிறார்கள். அலெக்சந்தர், ரூப்பு என்று அவருடைய இரண்டு மகன்களின் பெயரைக்கூட மாற்கு விடாமல் குறித்து வைக்கிறார். வேண்டாம், இது என்னுடையது, நானே சுமப்பேன் என்று இயேசு அவரைத் தள்ளிவிட்டதாக மூன்று பேரில் ஒருவர்கூட எழுதவில்லை. முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்திலும் என்னோடுகூட விழித்திருங்கள் என்று நண்பர்களிடம் கேட்டவர் அவர். ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக் கூடாதா என்று கேட்குமளவுக்கு அவருக்கு ஆள் தேவைப்பட்டது. அவர்கள் தூங்கிவிட்டார்கள். தேவதூதன் வந்து அவரைப் பலப்படுத்தியதாக லூக்கா சொல்கிறார், அதையும் அவர் ஏற்றுக்கொண்டார். அவருக்கே துணை வேண்டியிருந்தது, உங்களுக்கு வேண்டாமா?

கர்த்தர் இரக்கமுள்ளவர் என்று கேட்டால் கோபம் வருகிறது என்று எழுதுகிறீர்கள். அந்த இரக்கம் உங்களிடம் வந்திருக்கிறது. உங்கள் தங்கையின் வாயால் கேட்டுக்கொண்டே நிற்கிறது. நீங்கள்தான் கதவைத் திறக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பரிசுத்தமாக ஏதோ செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு உங்களை நீங்களே அழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சிலுவை என்று நீங்கள் எழுதியது உங்கள் கணவரைத்தான். அவர் காதில் விழும்படி இந்த வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள். வலது பக்கமும் பேச்சும் சேர்ந்து போயிருந்தால் பாதிப்பு பெரும்பாலும் மூளையின் இடது பாதியில் இருக்கும். இப்படிப் பேச்சிழந்தவர்களில் பலருக்கு, பதில் சொல்ல வராதே தவிர, கேட்பது நன்றாகவே புரியும். உங்கள் பெருமூச்சு அவருக்குப் புரிகிறது. ராத்திரி அலாரம் அடிக்கும்போது நீங்கள் எழுந்திருக்கிற விதமும் புரிகிறது. இரண்டு வருடமாகக் களைத்துப்போன ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாரே, அவருக்கு இன்னொரு முகம் வேண்டாமா? தங்கை வருவது உங்களுக்காக மட்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? மைத்துனியிடம் பழைய கதை கேட்டுச் சிரிக்க அவருக்கும் ஆசை இருக்கும்.

எதைப் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள், அதை மறந்தே போனேன். 88-ஆம் சங்கீதம். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் நம்பிக்கையோடு முடியும், இது இருளிலேயே முடிகிறது. அதையும் சங்கீதப் புத்தகத்திலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை. உங்களுக்கு ஜெபிக்க வார்த்தை வராத நாளில் அதை வாய்விட்டு வாசியுங்கள், போதும். புலம்பல் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தையும் வாசியுங்கள். அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்ற வசனத்தை எல்லோரும் சட்டம்போட்டு மாட்டிவைக்கிறார்கள். எருசலேம் இடிந்து கிடக்கும்போது, என் பல்லைக் கல்லால் நொறுக்கினார் என்று அதே கடவுளைக் குற்றம்சாட்டிய பிறகு வருகிற வசனம் அது. முன்னால் இருப்பதையும் சேர்த்து வாசித்தால்தான் அது உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் எலியா தீர்க்கதரிசியின் கதை, ஒன்று இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறார். தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். பிரசங்கம் எதுவும் இல்லை, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார், அதற்கும் விடுகிறார்கள். இரண்டாம் முறை எழுப்பும்போதும் சாப்பாடுதான். நீ போகவேண்டிய வழி வெகுதூரம் என்று மட்டும் சேர்த்துச் சொல்கிறான். கடவுள் அவரோடு பேசுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

தங்கைக்கு இன்றைக்கே ஃபோன் செய்யுங்கள். அவள் வந்த முதல் ராத்திரி அலாரத்தை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, நீங்கள் வேறு அறையில் போய்ப் படுங்கள். எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று பகலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள், முதலில் கொஞ்சம் தடுமாறுவாள், பரவாயில்லை. எனக்கு அடுத்த கடிதம் நீங்கள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு எழுதினால் போதும்.

அன்புடன்.