90 ஜம்ப் ஆன பிறகு 150 சதுர அடி கேனோபிக்கு மாறலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. அரிசோனாவில் ஈலாய் டிராப் ஸோனில் (ஸ்கைடைவிங் தளம்) ஒன்றரை வருஷமாக விமானத்திலிருந்து குதிக்கிறேன். 90 ஜம்ப் ஆகிவிட்டது. என் எடை 62 கிலோ. இதுவரை வாடகைக்கு எடுக்கும் 190 சதுர அடி கேனோபியில்தான், அதாவது பாராசூட் துணியில்தான், இறங்குகிறேன். பத்தில் எட்டு முறை நின்றபடியே இறங்கிவிடுவேன். காற்று அடிக்கும் நாளில் மட்டும் முன்னேறாமல் அந்தரத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. கூடக் குதிக்கும் ஒருவர் தன்னுடைய பழைய ஸ்டிலெட்டோ 150 என்ற கேனோபியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். ‘உன் எடைக்குச் சரியாக இருக்கும், விங் லோடிங் 1.1கூட வராது’ என்று சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. விலை குறைவு என்பதற்காகக்கூட வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே பேச்சு அடுத்த வருஷமும் வேறொருவர் வாயிலிருந்து உங்களிடம் வரும்.

முதலில் அவர் சொன்ன கணக்கைப் பார்ப்போம். விங் லோடிங் என்பது கேனோபியின் ஒவ்வொரு சதுர அடியும் தாங்கும் எடை, பவுண்டில். நீங்கள் 62 கிலோ, பாராசூட் பையும் ஹெல்மெட்டும் உடையும் சேர்ந்து சுமார் 11 கிலோ. மொத்தம் 73 கிலோ, அதாவது 161 பவுண்டு. அதை 150 சதுர அடியால் வகுத்தால் 1.07 வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. இப்போதைய 190இல் உங்கள் விங் லோடிங் 0.85. பல பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: முதல் 100 ஜம்ப் வரை 1.0ஐத் தாண்டாதே, அப்புறம் ஒவ்வொரு 100 ஜம்புக்கும் 0.1 கூட்டிக்கொள். அதன்படி பார்த்தாலே 150 உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம்தான். ஆனால் அந்த 0.07 இல்லை என் கவலை.

விங் லோடிங் ஒரே எண்ணாக இருந்தாலும் பெரிய கேனோபியும் சின்ன கேனோபியும் ஒரே மாதிரி பறக்காது. 100 கிலோ ஆள் ஒருவர் 230இல் 1.07 வைத்துப் பறப்பதும், நீங்கள் 150இல் 1.07 வைத்துப் பறப்பதும் இரண்டு வேறு சங்கதி. கேனோபி சிறிதானால் கயிறுகளும் குட்டையாகும். கயிறு குட்டையானால் நீங்கள் துணிக்குக் கீழே ஊஞ்சலாடும் தூரம் குறையும். டாகிளை, அதாவது திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கும் கைப்பிடியை, அதே நாலு அங்குலம் இழுத்தாலும் அது சட்டென்று சாய்ந்து திரும்பும். எடை குறைந்தவர்கள், அதிலும் முக்கியமாகப் பெண்கள், இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். விங் லோடிங் அட்டவணை ‘பரவாயில்லை’ என்று சொல்லும். கையில் பிடித்தால் அது வேறு குணம் காட்டும். அந்தத் தோராயக் கணக்கை வைத்திருப்பவர்களும் சின்ன அளவுகளுக்கு வரும்போது இன்னும் குறைத்துக்கொள்ளத்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது வடிவம். ஸ்டிலெட்டோ நீள்வட்ட வகை, ஓரங்கள் நன்றாகக் குறுகி வரும். அனுபவசாலிகளுக்கு அருமையான கேனோபி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திறக்கும்போது கயிறு முறுக்கிக்கொண்டால் அது நேராகப் பறந்துகொண்டே உங்களுக்கு அவகாசம் தராது, ஒரு பக்கம் சாய்ந்து சுழல ஆரம்பிக்கும். 190 அளவுள்ள வாடகைக் கேனோபியில் முறுக்கு விழுந்தால் நிதானமாகக் காலை உதைத்துப் பிரிக்கிறீர்கள் இல்லையா? அதே நிதானம் அங்கே கிடைக்காது.

வேகத்தையும் பார்த்துவிடுவோம். வேகம் விங் லோடிங்கின் வர்க்கமூலத்தோடு ஏறும். 190லிருந்து 150க்குப் போனால் சுமார் 12 சதவீதம் கூடுதல். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் தரையில் மோதும்போது உடம்பு வாங்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது 27 சதவீதம் கூடுகிறது. எலும்புக்கு இந்த 27தான் கணக்கு.

இதோடு ஈலாயின் வெயிலைச் சேருங்கள். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 அடி உயரம். ஜூன் மதியம் 42 டிகிரி அடிக்கும்போது காற்று மெலிந்து, 5000 அடி உயர மலையூரில் இருக்கிற காற்று மாதிரி ஆகிவிடும். டிசம்பரில் 15 டிகிரியில் இறங்கியதைவிட அதே கேனோபி அதே ஆளோடு கிட்டத்தட்ட 5 சதவீதம் வேகமாக வரும். குளிர்காலத்தில் பழகிய கை, கோடையில் ஃபிளேரை (தரை நெருங்கும்போது இரண்டு டாகிளையும் இழுத்து வேகம் தணிப்பதை) தாமதமாகத் தொடங்குவது இதனால்தான். புதுக் கேனோபி எதுவாக இருந்தாலும் அதன் முதல் இருபது ஜம்பைக் குளிர் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் காலை முதல் லோடில், அதாவது முதல் விமானத்தில், போங்கள்.

சரி, உங்கள் உண்மையான குறைக்கு வருவோம். காற்றடிக்கும்போது 190 முன்னேறவில்லை என்கிறீர்கள். அது நிஜமான பிரச்சினைதான், எடை குறைந்த எல்லோருக்கும் வரும். ஆனால் அதற்கு மருந்து சின்ன கேனோபி இல்லை. பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போகிற அளவுக்குக் காற்று இருந்தால் அந்த லோடில் ஏறாமல் கீழே உட்காருவதுதான் மருந்து. அரிசோனாப் பாலைவனத்தில் புழுதிச் சுழல் கிளம்பும் மதியங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதில் மாட்டினால் 190 என்ன, எந்தத் துணியும் மடங்கிவிடும். காற்று ஏறிய மதியத்தில் ஒரு ஜம்பை விட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து மற்றவர்கள் இறங்குவதைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் கண்ணாலேயே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

‘பத்தில் எட்டு முறை நின்றபடி இறங்குகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் நான் கேட்க விரும்புவது மற்ற இரண்டைப் பற்றி. அந்த இரண்டில் என்ன நடந்தது? காற்றே இல்லாத நாளா, பக்கவாட்டுக் காற்றா, யாராவது குறுக்கே வந்தார்களா? கேனோபியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த இரண்டை வைத்துத்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். எனக்கு 140 ஜம்ப் ஆகியிருந்த சமயம், ஒரே தாவலில் இரண்டு அளவு குறைத்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு ஜம்ப் வெண்ணெயாகப் போனது. ஒருநாள் விமானம் எங்களைத் தள்ளி இறக்கிவிட்டது. டிராப் ஸோனுக்குத் திரும்ப முடியாது என்று தெரிந்து ஒரு வயலைத் தேர்ந்தெடுத்தேன். பரந்து, சமமாக இருந்தது. அறுபது அடி உயரத்தில் வரும்போதுதான் குறுக்கே ஓடிய முள்கம்பி கண்ணில் பட்டது. தூரத்திலிருந்து கம்பி தெரியாது, கம்பத்தைத் தேட வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. வலது கை தானாக இறங்கியது, முழுசாக, இடுப்பு வரைக்கும். கேனோபி தலைக்கு மேலிருந்து விலகிப் பக்கத்தில் போய் நின்றதைப் பார்த்தேன். தரை வலது தோள் பக்கமிருந்து ஏறி வந்தது. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது, மூன்று மாதம் மாவுக்கட்டு. உயிர் மிஞ்சியது அந்த வயலை அன்று காலை உழுதிருந்ததால்.

கேனோபி நன்றாகத்தான் திறந்தது. கயிறு அறவில்லை, துணி கிழியவில்லை. ஸ்கைடைவிங்கில் சாவுகளில் கணிசமான பங்கு இப்படித்தான் நடக்கிறது, எந்தப் பழுதும் இல்லாத கேனோபிக்குக் கீழே. 1991இல் சைப்ரஸ் என்ற தானியங்கிக் கருவி வந்த பிறகு, பாராசூட்டைத் திறக்க மறந்தவர்களையும் மயங்கியவர்களையும் அது காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. சுமார் 750 அடியில், மணிக்கு 78 மைல் வேகத்துக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் மாற்றுப் பாராசூட்டை அது திறந்துவிடும். ஆனால் 60 அடியில் பயந்து டாகிளை இழுக்கும் கையைப் பிடித்து நிறுத்த எந்தக் கருவியும் இல்லை.

அந்தக் கைக்குப் பழக்கம்தான் வேண்டும். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போன வித்தை சாயாத திருப்பம். 3000 அடிக்கு மேல், சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, இரண்டு டாகிளையும் பாதி வரை இறக்குங்கள். கேனோபி வேகம் தணிந்து, காதில் காற்றுச் சத்தம் குறையும். அங்கேயே வைத்துக்கொண்டு, திரும்ப வேண்டிய பக்கத்துக் கையை இன்னும் இரண்டு மூன்று அங்குலம் இறக்கி, எதிர்ப்பக்கத்துக் கையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கேனோபி சாயாமல் தட்டை சுற்றுகிற மாதிரி சுற்றும், உயரமும் அதிகம் போகாது. ஒரு சாதாரண திருப்பத்தையும் செய்து பார்த்து, 90 டிகிரிக்கு ஒவ்வொன்றும் எத்தனை அடி தின்கிறது என்று ஆல்டிமீட்டரில் (உயரமானியில்) ஒப்பிடுங்கள். வித்தியாசம் பார்த்தால் அசந்துபோவீர்கள். 2500 அடி வந்ததும் விளையாட்டை நிறுத்திவிட்டு இறங்கும் வேலையைப் பாருங்கள்.

அமெரிக்காவில் பயிற்சியாளர்கள் அளவு குறைப்பதற்கு முன் கேட்கும் கேள்விகள் இவை: இப்போதைய கேனோபியில் 50 அடி உயரத்தில் சாயாமல் 90 டிகிரி திரும்ப முடியுமா? ஃபிளேர் செய்துகொண்டிருக்கும்போதே 45 டிகிரி திரும்பி ஒரு ஆளையோ பள்ளத்தையோ தவிர்க்க முடியுமா? பக்கவாட்டுக் காற்றிலும் காற்றே இல்லாதபோதும் இறங்கியிருக்கிறீர்களா? குறித்த இடத்தைச் சுற்றி 10 மீட்டருக்குள் திரும்பத் திரும்ப இறங்க முடிகிறதா? டாகிளோடு இணைந்த ஒரு பிரேக் கயிறு அறுந்துபோனால் பின் ரைசரை (தோளுக்கு மேல் கயிறுகளைப் பிடித்திருக்கும் பின்பக்கப் பட்டைகளை) மட்டும் இழுத்து இறங்கத் தெரியுமா? கடைசியதை மேலே பல முறை பழகுங்கள். பின் ரைசரில் கேனோபி முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்டால் ஆகும் (தாங்கும் சக்தியை இழக்கும்), அதன் எல்லை எங்கே என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். 50 அடித் திருப்பத்தைப் பயிற்சியாளர் கண்முன் வைத்துக்கொள்ளுங்கள், தனியாக முயல வேண்டாம்.

இறங்கும் பாதையில் 1000 அடி, 600 அடி, 300 அடி என்று மூன்று முனைகள் வைத்துத்தானே பழகியிருப்பீர்கள்? கடைசி 300 அடியில் பாம்பு மாதிரி வளைந்து உயரத்தைக் கரைக்காதீர்கள், பின்னால் வருபவர் முகத்தில் போய் நிற்பீர்கள். ஃபிளேரைச் சீக்கிரம் தொடங்கிவிட்டால் கையை மேலே விட்டுவிடாதீர்கள். விட்டால் கேனோபி முன்னால் பாய்ந்து உங்களைத் தரையில் குத்தும். எங்கே இருக்கிறதோ அங்கேயே பிடித்து, தரை நெருங்கும்போது மிச்சத்தை இழுங்கள். நின்று இறங்க முடியாது என்று தோன்றினால் பாதமும் முட்டியும் சேர்த்து உருண்டுவிடுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் நான் உருளுகிறேன்.

அப்படியானால் எதை வாங்குவது? 170. உங்களுக்கு விங் லோடிங் 0.95 வரும். ஒரே படி, வேகம் சுமார் 6 சதவீதம் கூடும், காற்றிலும் கொஞ்சம் முன்னேறுவீர்கள். சேபர் 2, சஃபயர், பைலட் மாதிரி ஓரம் லேசாகக் குறுகிய ஒன்பது செல் (காற்றறை) வகைகள் பொருந்தும். மெதுவாகத் திறப்பதும் செங்குத்தாக இறங்குவதும் பிடித்தால் ஏழு செல் ஸ்பெக்டர். பயன்படுத்திய கேனோபி என்றால் பணம் கொடுக்கும் முன் ரிக்கரிடம் (பாராசூட் பழுதுபார்ப்பவரிடம்) கயிறுகளை அளக்கச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரா கயிறு, ஸ்லைடர் (திறப்பதை மெதுவாக்கக் கயிறுகள் வழியே இறங்கும் துணி) உரசும் சூட்டில் சுருங்கும். பிரேக் கயிறும் வெளிக் கயிறுகளும் முதலில் குட்டையாகும். டாகிளை முழுக்க மேலே விட்டுப் பறக்கும்போது பிரேக் கயிறு பின்னால் வில்லாக வளைந்து தளர்ந்திருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் கேனோபி எப்போதும் கொஞ்சம் பிரேக்கிலேயே பறக்கிறது என்று அர்த்தம், ஃபிளேர் சொன்னபடி கேட்காது.

மாற்றுப் பாராசூட்டின் அளவையும் சேர்த்து யோசியுங்கள். பை சின்னதாக அழகாக இருக்க வேண்டும் என்று 120 சொச்சத்தில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதைத் தொடும் நாளில் நீங்கள் மயக்கத்தில் இருக்கலாம், தோள் கழன்றிருக்கலாம், கீழே வீடுகள் இருக்கலாம். 160க்குக் குறையாமல் வாங்குங்கள்.

வாங்கும் முன் கம்பெனிகளின் டெமோ கேனோபியைக் கேட்டு வாங்கிப் பறந்து பாருங்கள். முதல் ஜம்பில் கூட்டத்தோடு சேராமல் தனியாக வெளியேறி, உயரத்திலேயே திறந்து, அரை பிரேக், சாயாத திருப்பம், ஸ்டால், ஐந்தாறு ஃபிளேர் என்று மேலேயே செய்து பாருங்கள். அந்தத் துணி உங்களை எங்கே தாங்குகிறது, எங்கே விட்டுவிடுகிறது என்பதைக் கீழே வந்ததும் லாக் புத்தகத்தில் எழுதிவையுங்கள். பத்தில் நின்று இறங்காத அந்த இரண்டு ஜம்பில் என்ன நடந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.