வேதியியலா, மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்கா? மண்டபத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: மண்டபத்தில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இப்போது ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம் 82, இயற்பியல் 88, வேதியியல் 96. கெமிஸ்ட்ரி என்றால் அவளுக்கு உயிர். பி.எஸ்சி. சேர்த்துவிடலாம் என்றிருந்தோம். என் தங்கை மகனோ, "மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் எடுக்கச் சொல்லுங்க மாமா" என்கிறான். அது என்ன படிப்பு? பின்னால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடியுமா? வேலை கிடைக்குமா ஐயா?

பதில்: உங்கள் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். ரெசினில் கோபால்ட்டைக் கலக்கி, அப்புறம் கேட்டலிஸ்ட் ஊற்றுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் டப்பா சூடாகி, ரெசின் கூழாகி, கல்லாகிவிடுகிறது. ஏன் சூடாகிறது, கேட்டலிஸ்ட் கூடினால் ஏன் சீக்கிரம் இறுகுகிறது, கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகச் சேர்த்தால் ஏன் தீப்பிடிக்கிறது என்று கேட்பது வேதியியல். கண்ணாடி இழை மேட் எத்தனை அடுக்கு போடுவது, உள்ளே காற்றுக்குமிழி நின்றுவிட்டால் விரிசல் எங்கே விடும், அலை அறையும் இடத்தில் அது எத்தனை வருஷம் தாங்கும், அதற்கு என்ன செலவு என்று கேட்பது மெட்டீரியல்ஸ். ரோலரை உருட்டிக் குமிழியை வெளியே தள்ளும்போது நீங்கள் செய்வது இந்த இரண்டாவது வேலைதான். பட்டம் மட்டும் வாங்கவில்லை.

இதே வித்தியாசத்தைப் பாம்பனிலும் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதில் பாதிக்கு மேல் குளோரைடு. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியின் மேல் மெல்லிய ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். குளோரைடு மெதுவாக உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கும். கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடக் கூடுதல் இடம் வேண்டும், அதனால் கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும். கடற்கரை வீடுகளின் சன்ஷேடில் கம்பி பல்லிளிப்பது இப்படித்தான். இதுவரை சொன்னது வேதியியல். சரி, என்ன செய்வது? 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அரிப்பைத் தாங்கும் பாலிசிலாக்ஸேன் பெயின்ட், முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவுகளை எடுக்கக் கற்றுத்தருவது மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்.

இன்னொன்று. கடலோர லாட்ஜ்களின் பால்கனியில் பளபளவென்று மாட்டிய எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடி ஒரே வருஷத்தில் டீக்கறை படிந்ததுபோல் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது 304 ரகமாக இருக்கும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகத்தைச் சேர்ப்பார்கள்; உப்புக்காற்றை அது நன்றாகவே தாங்கும், விலையும் கூடுதல். உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "மாலிப்டினம் அங்கே என்ன பண்ணுது?" என்று கேட்டால் அவள் மனசு வேதியியலில் இருக்கிறது. "அப்ப எல்லா இடத்துலயும் 316 போடணுமா, செலவு கட்டுமா?" என்று கேட்டால் தங்கை மகன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

படிப்புக்குள் என்ன இருக்கும்? பி.எஸ்சி. வேதியியலில் முதல் நாளிலிருந்தே கரிமம், கனிமம், இயற்பு வேதியியல், கூடவே பியூரெட்டும் பிப்பெட்டும். அவள் எதிர்பார்ப்பது அப்படியே கிடைக்கும். மெட்டீரியல்ஸில் முதல் வருஷம் எல்லா இன்ஜினியரிங் மாணவர்களுக்கும் உள்ளதுதான்: கணிதம், இயற்பியல், டிராயிங். அவளுக்குப் பிடித்த வேதியியல் ஒரு ஓரமாகத்தான் வரும். கெமிஸ்ட்ரி பிடிக்கும் என்று சேர்ந்தவர்கள் சோர்ந்துபோவது இங்கேதான். இரண்டாம் வருஷத்தில் வெப்ப இயக்கவியலும் படிக அமைப்பும் வந்த பிறகே படிப்பு முகம் காட்டும். நான் முதன்முதலில் ஓர் எஃகுத் துண்டை எமரி தாளில் ஒவ்வொரு நம்பராகத் தேய்த்து, அலுமினாத் தூளில் கண்ணாடிபோல் மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் சில நொடி காட்டிவிட்டு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். வெறும் பளபளப்பாக இருந்த இடத்தில் கைரேகைபோல் வரி வரியாகத் தெரிந்தது. எஃகுக்குள் இருக்கும் அந்த அடுக்கடுக்கான அமைப்புக்குப் பெயர் பெர்லைட். விரல் நுனி தேய்ந்து இரண்டு நாள் எரிந்தது வேறு கதை.

இப்போது கணக்கு. தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உங்கள் மகளுக்கு 82, 44, 48, மொத்தம் 174. அவள் உயிராக நினைக்கும் பாடத்தைவிடக் கணிதத்துக்கு இரண்டு மடங்கு மதிப்பு, கவனியுங்கள். பொதுப் பட்டியலில் 174-ஐ வைத்துக்கொண்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஆனால் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதற்குத் தனித் தரவரிசை. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய இந்த விஷயம்தான் இதில் பெரிய துருப்புச்சீட்டு.

கிண்டியில் மெட்டீரியல்ஸ் சயன்ஸ் அண்ட் இன்ஜினியரிங் இருக்கிறது. சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியிலும் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் மெட்டலர்ஜி (உலோகவியல்) என்ற பெயரில் இருக்கும். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, பெயரைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. எழுதியிருக்க வேண்டும். இடையில் ஒரு பாதையும் உண்டு, அதுவும் உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சிக்ரி. அழகப்பச் செட்டியார் கொடுத்த இடத்தில் 1953-இல் திறந்தது. மண்டபத்திலேயே உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பைச் சோதித்தவர்கள் அவர்கள்தான். கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் என்று ஒரு பி.டெக். அங்கே நடக்கிறது. துரு, பேட்டரி, முலாம் பூசுவது எல்லாம் அதற்குள் அடக்கம். வேதியியல் பிடித்த, கணிதம் சுமாராக வருகிற பெண்ணுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். நேரில் போய்ச் சேர்க்கை விவரம் விசாரித்துவிடுங்கள்.

மாறுவது பற்றிக் கேட்டீர்கள். வேதியியலிலிருந்து மெட்டீரியல்ஸுக்கு வரலாம், வழி நன்றாகவே திறந்திருக்கிறது. எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, கேட் தேர்வு எழுதி, மெட்டீரியல்ஸ் எம்.டெக். சேர்ந்தவர்கள் நிறையப் பேர். பி.எஸ்சி. முடித்ததும், ப்ளஸ் டூவில் கணிதம் இருப்பதால், நேரடியாக பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரவும் இடமுண்டு. எதிர்த் திசையில் மாறுவது கடினம். ஆக, பி.எஸ்சி. சேர்ந்தால் கதவு மூடிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

வேலை விஷயத்தில் பூசி மெழுகாமல் சொல்கிறேன். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் குறைவு. எம்.எஸ்சி. வரை போகிற மனசும் பொறுமையும் வேண்டும். அதற்குப் பிறகு மருந்து, உணவு, பெயின்ட் ஆய்வகங்கள், ஆசிரியர் பணி, ஆராய்ச்சி என்று விரியும். உங்கள் கரையில் விளையும் கடற்பாசிகளான 'பெப்சி பாசி'யிலிருந்து கராஜினன், கஞ்சிப்பாசியிலிருந்து அகர் என்று உணவைக் கெட்டியாக்கும் பொருள்களை எடுப்பதெல்லாம் வேதியியல்காரர்களின் வேலைதான். மெட்டீரியல்ஸில் எஃகு ஆலை, வார்ப்படம், வாகன உதிரிபாகம், கல்பாக்கம் அணுசக்தி மையம், பேட்டரி நிறுவனங்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கேம்பஸுக்கு வரும் மெட்டீரியல்ஸ் கம்பெனிகள் குறைவு, பாதி வகுப்பு ஐ.டி. பக்கம் போய்விடுவதும் நடக்கிறது. இந்தத் துறையிலேயே நிற்க வேண்டுமென்றால் மூன்றாம் வருஷத்திலிருந்தே கேட் தேர்வுக்குப் படிக்கச் சொல்லுங்கள்.

அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி.க்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள், கட்டணம் பெரிதாக இருக்காது. கவுன்சலிங் முடியும்வரை அந்த சீட்டைக் கையில் வைத்திருக்கலாம். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்ததற்கான சான்றைப் பள்ளியில் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளிக்கும் நடக்க வேண்டிவரும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றுக்கு இ-சேவையில் பதிந்துவிடுங்கள்.