உப்புக்கறைக்கும் எண்ணெய் அடைப்புக்கும் ஒரே கிளீனரா?

கேள்வி: குளியலறைக் குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை. சமையலறை சிங்க்கோ எண்ணெய்ப் பிசுக்கில் அடைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் சேர்த்து 'ஸ்ட்ராங்'காக ஒரே கிளீனர் வாங்கினால் போதுமா? ஆசிட்டோடு பிளீச்சைக் கலந்தால் கறை சீக்கிரம் போகும் என்கிறார்களே?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். தயவுசெய்து கலக்கவே கலக்காதீர்கள். பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதில் அமிலம் பட்டால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். கதவை மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றை ஊற்றிவிட்டுச் சரியாகக் கழுவாமல் அடுத்ததை ஊற்றினாலும் இதேதான் நடக்கும்.

சரி, எதை வாங்குவது? உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். கறை மேல் ஒரு சொட்டு விட்டால் பொசுபொசுவென்று குமிழ் வரும். கறை கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்று அர்த்தம். லேசான கறைக்கு சிட்ரிக் அமிலம் உள்ளதே போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும்தான், ஆனால் குழாயின் குரோம் பூச்சையும் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட்டையும் சேர்த்தே அரிக்கும். மார்பிள் தரை என்றால் எந்த அமிலமும் வேண்டாம். மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு வேண்டியது காரம். அடைப்பு நீக்கிகள் பலவற்றில் இருக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு, கொழுப்பைச் சோப்பாக மாற்றித் தண்ணீரோடு போகவிடும். தோலையும் அது விட்டுவைக்காது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்ட பிறகே மூடியைத் திறங்கள்.

ஆக, ஒரே பாட்டில் இரண்டு வேலையையும் ஒழுங்காகச் செய்யாது. அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று சமன் செய்து உப்பும் நீருமாகிவிடும், சூடும் கிளம்பும்.

'ஸ்ட்ராங்', 'பவர்' என்று முன்பக்கம் போட்டிருப்பதை விட்டுவிட்டு, பின்பக்கம் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படியுங்கள். பி.எச். எண் இருந்தால் இன்னும் நல்லது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் மாறினாலே 10 மடங்கு வித்தியாசம். பி.எச். 2 உள்ள திரவம், 4 உள்ளதைவிட 100 மடங்கு அமிலத்தன்மை கொண்டது. சேர்மானமே எழுதாத பாட்டிலை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.